அச்சேறிய விவாதம்: மஞ்சக்குப்பம் வழக்கும் முனாளராக் கலையும்

கடலூர் நகரின் மஞ்சக்குப்பம், ஆங்கிலேயர் காலம் முதலே ஆட்சி அலுவலகங்களும் நீதிமன்றங்களும் அமைந்த பகுதியாகும். பழைய தென்னார்க்காடு மாவட்டம் முழுமைக்கும் நீதி வழங்கிய இடம் அது. அங்கே 1869ஆம் ஆண்டில் ஒரு வழக்கு நடந்தது. தொடுத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். எதிர்த்தரப்பில் நிறுத்தப்பட்டோருள் ஒருவர், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த இராமலிங்க வள்ளலார். இருவரும் சைவப் பெரியார்கள். இருவரும் தமிழுக்குத் தம் வாழ்வை ஈந்தவர்கள். நிலமோ பணமோ அவர்களிடையே தகராறாக இருக்கவில்லை. ஒரு நூலுக்கு இட்ட பெயரைப் பற்றிய கருத்து வேறுபாடு அச்சின் வழியே வளர்ந்து, மேடையில் வசையாகி, முடிவில் நீதிமன்றத்தின் படியேறியது.

பிற சமயத்தாரின் உள்விவகாரத்தில் நமக்கென்ன வேலை என வாசகர்கள் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. நமக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. இப்பூசலின் பிற்காலக் கட்டத்தில் ஒரு முஸ்லிம் தமிழ்ப் புலவர் ஆற்றிய பங்கு முதற்காரணம். ஒரு விவாதம் எப்போது உண்மையைத் தேடுவதை விட்டு வெற்றியைத் தேடத் தொடங்குகின்றது, அம்மாற்றத்தில் ஊடகத்தின் பங்கு என்ன என்னும் கேள்விக்கு இவ்வழக்கு தெளிவான சான்றாக நிற்பது மற்றொன்று. நம் சமுதாயம் அக்கேள்வியை இன்று கேட்டே ஆகவேண்டிய நிலையில் உள்ளது.

பிராங்பர்ட் அறிஞர்கள் எழுப்பிய வினா

வெகுசன ஊடகம், பண்பாடு, சமூக மாற்றம் ஆகியவற்றின் தொடர்பைச் சென்ற நூற்றாண்டில் ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர அறிஞர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 1923இல் அந்நகரில் சமூக ஆய்வு நிறுவனம் ஒன்று தோன்றியது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் அதன் அறிஞர்கள் நாடுவிட்டு வெளியேறினர். ஜெனீவா வழியாக நியூயார்க் சென்றடைந்தனர். அவர்களுள் ஹொர்க்ஹைமர் 1937இல் எழுதிய ஒரு கட்டுரையில், உலகை உள்ளவாறே விளக்குவதுடன் அமையும் கோட்பாட்டிற்கும், அவ்வுலகம் ஏன் அவ்வாறு அமைந்தது என்று வினவும் விமர்சனக் கோட்பாட்டிற்கும் உள்ள வேறுபாட்டை வகுத்துரைத்தார். அப்பள்ளிக்கு அப்பெயரே நிலைத்தது.

வானொலியின் வழியே ஒரு நாட்டையே மயக்க இயலும் என்பதைக் கண்ணெதிரே கண்டவர்கள் அவர்கள். அடோர்னோவும் ஹொர்க்ஹைமரும் இணைந்து எழுதி 1947இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான நூல், பண்பாட்டுத் தொழில் என்றொரு கருத்தை முன்வைத்தது. பாட்டும் கதையும் படமும் தொழிற்சாலைப் பண்டங்களைப் போல ஒரே அச்சில் வார்க்கப்படும்போது, கேட்போர் நுகர்வோராகின்றனர்; சிந்திக்க வேண்டிய இடத்தில் பழகிய எதிர்வினை மட்டுமே அவர்களிடம் எஞ்சுகின்றது என்பது அவர்கள் வாதம். அவர்களுக்குப் பின்வந்த ஹேபர்மாஸ் 1962இல் வெளியிட்ட நூலில், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் காப்பிக் கடைகளிலும் இதழ்களிலும் பொதுவெளி ஒன்று உருவான வரலாற்றை ஆராய்ந்தார். பேசுபவரின் குலத்தையும் பதவியையும் நோக்காது அவர் கூறும் காரணத்தையே நோக்கும் மன்றமாக அது தன்னைக் கருதிக்கொண்டது. பின்னர் வணிகமும் விளம்பரமும் அதனுள் புகுந்தன. வாதிட்டோர் பார்வையாளராயினர், பொதுவெளி மீண்டும் அரசவைக் காட்சியைப் போலாகிவிட்டது என்பது அவர் முடிவு.

இக்கருத்து குறையற்றதன்று. நான்சி ஃபிரேசர் 1990இல் எழுதிய கட்டுரையில், அந்தப் பொதுவெளிக்குள் பெண்களும் உழைக்கும் மக்களும் நுழைய இயலவில்லை என்பதையும், ஒதுக்கப்பட்டோர் தமக்கென மாற்றுப் பொதுவெளிகளை அமைத்துக்கொண்டனர் என்பதையும் எடுத்துக்காட்டினார். இவ்வினாக்களை மனத்திற்கொண்டு மஞ்சக்குப்பத்திற்குத் திரும்புவோம்.

ஒரு நூற்பெயர் வழக்கான கதை

இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த வழிசெய்தது மெட்காஃப் காலத்துச் சட்டம். அது 1835இல் வந்தது. அதற்கு முன் அச்சு பெரும்பாலும் கிறித்தவப் பாதிரிமார்களிடமும் அரசிடமுமே இருந்தது. சட்டம் வந்த ஏழாண்டுகளில், 1842இல், நம் சீறாப்புராணம் முதன்முதலாக அச்சேறியது. காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் அதனைப் பதிப்பித்தார். ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்குச் சென்ற அப்பயணத்தில் முஸ்லிம்கள் பின்தங்கி நிற்கவில்லை என்பதை நினைவிற்கொள்ளல் தகும்.

ஆறுமுக நாவலர் இளமையில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றி, விவிலியத் தமிழாக்கத்திற்குத் துணைநின்றவர். துண்டு வெளியீடு, பாடநூல், பள்ளி, மேடைப் பிரசங்கம் ஆகிய பாதிரிமார்களின் கருவிகள் அனைத்தையும் நேரிற் கண்டு, அவற்றையே சைவத்தின் காவலுக்குத் திருப்பினார். 1849இல் அச்சகம் நிறுவினார். 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். இது தமிழுலகிற்கு மட்டும் உரிய நிகழ்ச்சியன்று. 1854இல் ஆக்ரா நகரில் பாதிரி ஃபாண்டருடன் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவீ (ரஹ்) நிகழ்த்திய புகழ்பெற்ற விவாதமும், பின்னர் 1864இல் வெளியான அவர்தம் 'இழ்ஹாருல் ஹக்' நூலும் இதே காலத்தின் விளைவுகளே. பாதிரிமார் கொணர்ந்த அச்சு விவாதம், இந்நாட்டின் எல்லாச் சமயத்தாரையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அச்சகத்தின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தியது.

வள்ளலாரின் வழி வேறாக இருந்தது. தம் பாடல்களை அச்சிட அவர் எளிதில் இசையவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் முதலிய அன்பர்கள் பல ஆண்டுகள் வேண்டிய பின்னரே ஒப்பினார். தம் பெயருடன் 'சாமி' என்னும் சொல் சேர்வது ஆரவாரமாகத் தோன்றுகின்றது, அதனை விலக்குக என்று அவர் அன்பர்க்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கின்றது. 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பில் நூல் வெளிவந்தது. 'திருவருட்பா' என அதற்குப் பெயரிட்டு, பாடல்களைத் திருமுறைகளாக வகுத்திருந்தனர். அதே ஆண்டில் வடலூரில் சாதி சமய வேறுபாடின்றி ஏழைகளுக்கு உணவளிக்கும் சத்திய தருமச்சாலை தொடங்கியது.

அருட்பா, திருமுறை என்பன தேவாரம் முதலிய பழைய அருள்நூல்களுக்கே சைவ மரபில் உரிய சொற்கள். வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரின் பாடல்களுக்கு அப்பெயர்களை எவ்வாறு வழங்கலாம் என்பது நாவலர் தரப்பின் வினா. மரபைக் காக்க விரும்பும் ஓர் அறிஞர் எழுப்பத்தக்க வினாவே இது. விடையளிக்க இடமும் இருந்தது. அருள் ஒரு காலத்துடன் நின்றுவிட்டதா, அடியாரின் சொல்லை அருளுரையாக ஏற்பதற்கு அளவுகோல் யாது என்றெல்லாம் மறுதரப்பு கேட்டிருக்கலாம். அவ்வாறு நிகழ்ந்திருப்பின் தமிழில் ஓர் அரிய இறையியல் நூல் நமக்குக் கிடைத்திருக்கும்.

நிகழ்ந்ததோ வேறு. 'போலியருட்பா மறுப்பு' என்னும் பெயரில் கண்டனம் அச்சேறியது. அதற்கு மறுப்பும் மறுப்பிற்கு மறுப்பும் தொடர்ந்தன. அருட்பா மருட்பாவாயிற்று. பாடல்களைப் பற்றிய பேச்சு, பாடியவரைப் பற்றிய பேச்சாகவும், கண்டித்தவரைப் பற்றிய பேச்சாகவும் மாறிற்று. 1869இல் சிதம்பரம் கோயிலில் நடந்த ஒரு கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினர் என்று கூறி, தீட்சிதர்கள் மீதும் வள்ளலார் மீதும் நாவலர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

வழக்கின் முடிவைப் பற்றிய கதைகள் இரண்டு. நீதிமன்றத்துள் வள்ளலார் நுழைந்தபோது வழக்குத் தொடுத்த நாவலரே தம்மையறியாது எழுந்து நின்றார். அதனைக் கண்ட நீதிபதி வழக்கைத் தள்ளினார் என்பது வள்ளலார் அன்பர்கள் போற்றும் கதை. நாவலரின் வழக்கு நியாயமென நிலைநாட்டப்பட்டது என்பது மறுதரப்பாரின் கதை. ஒரே அறையில், ஒரே நாளில், பலர் முன்னிலையில் நடந்த ஒன்று, ஒவ்வொரு தரப்பின் அச்சிலும் ஒவ்வொரு விதமாய் நிலைபெற்றுவிட்டது. அவரவர் நூலைப் படிப்போர் அவரவர் முடிவையே அறிந்தனர். செய்தியைப் பரப்புவதற்கென வந்த கருவி, ஒரே செய்தியை இரு சமூகங்கள் இரு வேறு உண்மைகளாக நம்பவும் வழிசெய்தது.

அச்சு என்ன செய்தது?

பூசலுக்கு அச்சைப் பழிப்பது எளிது. ஆனால் அது சரியன்று. ஓலைச்சுவடிக் காலத்திலும் புலவர்கள் பூசலிட்டனர். ஆயினும் சபைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அரங்கேற்றம் என்பது நூலாசிரியர் அவையின் முன் அமர்ந்து, கேட்ட வினாக்களுக்கு விடையிறுத்து, ஏற்பைப் பெறும் நிகழ்ச்சி. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா'வின் அமைப்பே வினாவும் விடையுமாகும். அச்சபையில் கேட்பவரின் முகத்தைச் சொல்பவர் காண்கின்றார். தவறினால் அங்கேயே திருத்தம் பெறுகின்றார். கடுஞ்சொல் கூறினால் அதன் வலியை எதிரிலிருப்பவர் கண்களில் காண்கின்றார்.

அச்சேறிய கண்டனத்திற்கு முகமில்லை. எதிர்வாதி அங்கில்லை, அவரை நோக்கி எழுதுவது போன்ற பாவனையில், உண்மையில் தம்மவர்க்கே எழுதுகின்றோம். அவரை மாற்றுவது நோக்கமன்று. தம்மவரை மகிழ்விப்பதே நோக்கமாகின்றது. தலைப்பும் கண்ணைப் பறிக்க வேண்டியதாகின்றது. 'போலி' என்னும் சொல் நூலைத் திறக்கும் முன்னரே தீர்ப்பைக் கூறிவிடுகின்றது. மௌனம் தோல்வியாகக் கொள்ளப்படுகின்றது; ஆகவே ஒவ்வொரு மறுப்பும் மற்றொரு மறுப்பைப் பெற்றெடுக்கின்றது. சபையில் ஒருவர் பேசி முடித்ததும் கலைந்து செல்லலாம். அச்சில் முடிவு என்பதே இல்லை.

இங்கே பிராங்பர்ட் அறிஞர்களின் கருத்துடன் நாம் சிறிது வேறுபட வேண்டியுள்ளது. வணிகம் புகுந்ததால்தான் பொதுவெளி சீரழிந்தது என்பது ஹேபர்மாஸ் கூறும் வரலாறு. அருட்பாப் பூசலில் பெருமுதலாளியோ விளம்பரமோ இல்லை. பொருள் இழந்தோர் உண்டு. பொருள் சேர்த்தோரை நாம் காணவில்லை. ஆயினும் நோய் தோன்றிவிட்டது. ஆகவே நோயின் வித்து நம் நெஞ்சில் உள்ளது. ஊடகம் அதற்கு நீரூற்றுகின்றது. வணிகம் பின்னர் வந்து அதனைப் பயிராக்கி அறுவடை செய்கின்றது என்று கொள்வதே வரலாற்றிற்குப் பொருந்தும்.

ஃபிரேசரின் வினாவையும் ஈண்டு எழுப்ப வேண்டும். இக்கண்டனங்களைப் படித்தவர் யார்? எழுத்தறிவு பெற்ற ஆண்கள், அவர்களிலும் மேல்நிலைச் சாதியினர் சிலர். வடலூர்த் தருமச்சாலையில் உணவு பெற்ற ஏழைகளுக்கு அருட்பாவோ மருட்பாவோ பொருட்டன்று. சமூக மாற்றம் என்று ஒன்று அங்கே நிகழ்ந்ததென்றால், அது கண்டன நூல்களின் பக்கங்களில் நிகழவில்லை. சாதி கேளாது சோறிட்ட அடுப்பின் அருகில் நிகழ்ந்தது. அவ்வடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. பாடல்களோ கண்டனங்களையெல்லாம் கடந்து, பாடுவோர் நாவின் வழியே பரவின. ஊடகத்தைப் பற்றிப் பேசுவோர் ஊடகத்திற்கு வெளியே நடப்பதையும் நோக்குதல் நலம்.

பாவலர் நின்ற இடம்

நாவலர் 1879இலும் வள்ளலார் அதற்கு முன்னர் 1874இலும் மறைந்தனர். பூசல் மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது முன்னினும் கடுமையாய்ச் சென்னையில் மூண்டது. யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை மருட்பாத் தரப்பின் பெரும்பேச்சாளர். அவர் வெளியிட்ட கண்டனத்தின் மீது 1904இல் சென்னையில் மீண்டும் நீதிமன்ற வழக்கு. அவர்தம் மாணவர் ஒருவர் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லச் சென்றதால் தேர்வெழுதும் வாய்ப்பை இழந்தார்; பள்ளிப் படிப்பு அத்துடன் முடிந்தது. அம்மாணவரே பின்னாளில் 'தேசபக்தன்', 'நவசக்தி' இதழ்களை நடத்திய திரு.வி.க. தமிழ் இதழியலுக்கு அழகிய உரைநடையைத் தந்த அப்பெரியார், பிற்காலத்தில் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான சன்மார்க்கத்தைப் போற்றினார், வள்ளலாரையும் மதித்தெழுதினார். தேர்வைக் கொடுத்து அவர் கற்ற பாடம் அது போலும்.

இக்கட்டத்தில் அருட்பாத் தரப்பில் நின்று மேடையேறியவர் கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். சங்கரநாராயண அண்ணாவி என்னும் இந்து ஆசிரியரிடம் தமிழ் கற்று, சென்னையில் நூல்களைப் பிழைதிருத்திப் பதிப்பிக்கும் பணியில் அமர்ந்தவர். அச்சகத்தின் உள்ளும் புறமும் அறிந்தவர் எனலாம். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே வேளையில் நூறு செயல்களில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை நிகழ்த்தினார். சீறாப்புராணத்திற்கு உரை வகுத்தவரும் அவரே.

ஒரு முஸ்லிம் புலவர், சைவரிடையே எழுந்த விவாதத்தில் ஒரு பக்கம் நின்று பேச, சைவர் அதனைக் கேட்டனர், போற்றினர் என்பது இன்றைய நிலையில் வியப்பூட்டுவது. இதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது? பாவலர் சைவத்தை ஏற்கவில்லை. தம் ஈமானில் ஒரு நூலளவும் நெகிழவில்லை. சொல்லின் பொருள், மரபின் வழக்கு, செய்யுளின் நயம் ஆகியவற்றைக் கொண்டு பேசினார். அவற்றிற்குச் சமயக் காப்பில்லை. தமிழறிந்தோர் அனைவருக்கும் அவை பொது. கூறுபவர் யார் என்பதை விடுத்து, கூறும் காரணம் யாது என்று நோக்கும் மன்றத்தை ஹேபர்மாஸ் ஐரோப்பாவின் காப்பிக் கடைகளில் தேடினார். அதன் ஒளிக்கீற்று ஒன்று, இத்துணை வசைக்கு நடுவிலும், தமிழ் மேடையில் தோன்றியிருக்கின்றது.

இதற்கு ஒரு முன்வரலாறும் இப்பகுதியிலேயே உண்டு. சிதம்பரத்திற்குக் கிழக்கே கடற்கரையில் உள்ளது பரங்கிப்பேட்டை. முஸ்லிம்களிடையே மஹ்மூது பந்தர் என வழங்குவது. வள்ளல் சீதக்காதி மறைந்த பின், உமறுப் புலவர் சீறாப்புராணத்தைத் தொடர ஆதரவளித்தவர் இவ்வூர் அபுல் காசிம் மரைக்காயர். நன்றியறிதலாகப் புலவர் அவர் பெயரைக் காப்பியத்துள் பல இடங்களில் அமைத்துள்ளார். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் பாடிய அந்நூல், முஸ்லிமல்லாத புலவர்களாலும் படித்துச் சுவைக்கப்பட்டது. பாவலருக்குச் சைவ மேடையில் இடம் கிடைத்ததற்கு, உமறு அமைத்த இப்பொதுமொழியே அடித்தளமாயிற்று என்று நாம் கருதுகின்றோம்.

ரஷீதிய்யா கற்பிக்கும் பாடம்

நிஜாமிய்யாப் பாடத்திட்டத்தைத் தழுவிய மத்ரஸாக்களில் முனாளரா என்னும் விவாதக் கலைக்கென ஒரு நூல் உண்டு. ஜுர்ஜானியின் பெயரால் வழங்கும் சிறுநூலுக்கு, பதினேழாம் நூற்றாண்டில் ஜவ்ன்பூரைச் சேர்ந்த அப்துர் ரஷீத் (ரஹ்) எழுதிய விரிவுரை அது, ரஷீதிய்யா எனப்படும். தர்க்க நூல்களின் வரிசையில் ஒன்றாக அதனை விரைந்து ஓதிவிட்டுச் செல்வது பலர் வழக்கம். இன்றைய ஊடகச் சூழலில் அதைவிடப் பயன்தரும் பாடநூல் அரிது என்பது நம் எண்ணம்.

அந்நூல் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கின்றது. சரியானது வெளிப்பட வேண்டும் என்னும் நோக்குடன் இருவர் ஆராய்வது முனாளரா. எதிரியை வாயடைக்கச் செய்வதே நோக்கமாயின் அது முஜாதலா. இவ்விரண்டும் இன்றி வெறும் பிடிவாதத்தாலும் பெருமையாலும் பேசுவது முகாபரா. வெளித்தோற்றத்தில் மூன்றும் ஒன்றே. அவற்றைப் பிரிப்பது உள்நோக்கம். ஹேபர்மாஸ் 1981இல் வெளியிட்ட பெருநூலில், ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் நோக்கில் அமையும் உரையாடலையும், மற்றவரைத் தம் பயனுக்கு வளைக்கும் நோக்கில் அமையும் பேச்சையும் வேறுபடுத்துகின்றார். இரு மரபுகளின் அடிப்படைகள் வேறு. எனினும் இவ்விடத்தில் அவை ஒரே வேறுபாட்டைத் தொடுகின்றன.

அருட்பாப் பூசலை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். அருட்பா என்னும் பெயர் தகுமா என்ற வினா முனாளரா. போலி என்றும் மருட்பா என்றும் பெயர் சூட்டியது முஜாதலா. இருவரும் மண்ணில் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அவர்தம் பெயரால் தொடர்ந்த வசை முகாபரா. அறிஞர்களின் வினா, அறிவற்றோரின் வசையாக முடிவதற்கு ஒரு தலைமுறையே போதுமாயிற்று.

அவ்விதிகளுள் இன்னொன்றும் உண்டு. ஒருவர் ஒன்றை எடுத்துக் கூறுவாராயின், அது சரியாக எடுத்துக் கூறப்பட்டதா என்பதற்கு ஆதாரம் கேள். அவர் தாமே ஒன்றை வாதமாக முன்வைத்தால், அதற்குச் சான்று கேள். அறிவிப்புக்கு மெய்ப்பு, வாதத்திற்குச் சான்று. கேட்பவர் கேட்பவராக நிற்க வேண்டும். வாதியின் இருக்கையை அவர் பறித்துக்கொள்வதைக் கஸ்பு, அதாவது அபகரிப்பு என்று அந்நூல் கண்டிக்கின்றது. தொலைக்காட்சி விவாதங்களில் கேள்வி கேட்பவரே வாதியாகி, அவரே நீதிபதியுமாவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் இது.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களும் 'இஹ்யா'வின் அறிவு பற்றிய பகுதியில் விவாதத்திற்கு எட்டு நிபந்தனைகளை விதிக்கின்றார்கள். காணாமற்போன பொருளைத் தேடுபவர், அது தம் கையில் கிடைத்தாலும் தோழர் கையில் கிடைத்தாலும் மகிழ்வதுபோல இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பெருங்கூட்டத்தின் முன்னிலும் பெரிய மனிதர்களின் அவையிலும் விவாதிப்பதைவிடத் தனிமையில் விவாதிப்பதை விரும்ப வேண்டும் என்பது இன்னொன்று. பார்வையாளர் பெருகப் பெருக உள்நோக்கம் கெடும் என்பதை, அச்சும் ஒலிபரப்பும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அவர்கள் கண்டறிந்திருந்தார்கள்.

வானொலி முதல் கைப்பேசி வரை

அச்சுக்குப் பின் வந்தவற்றையும் சுருக்கமாக நோக்குவோம். அமெரிக்காவில் வானொலி ஆய்வுத் திட்டமொன்றில் அடோர்னோ சேர்ந்த 1938ஆம் ஆண்டிலேயே அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. வானொலி கேட்போரை மந்தையாக்கும் என்று அவர் அஞ்சினார். 1941இல் சிதம்பரம் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. வானொலியில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டுமென்ற கோரிக்கையும் அவ்வியக்கத்துடன் வளர்ந்தது. கேட்போர் மந்தையாக நிற்கவில்லை, உரிமை கோரினர். நம் கடற்கரை ஊர்களில் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைக் குடும்பத்துடன் அமர்ந்து கேட்ட தலைமுறையினர் இன்றும் உள்ளனர். ஒரு பெட்டியைச் சுற்றிப் பலர் அமர்ந்ததால், ஒலிபரப்பு முடிந்ததும் பேச்சு தொடங்கியது.

ஒலிநாடாவும் அவ்வாறே. கெய்ரோ நகரில் ஒலிநாடா உரைகளைக் கேட்கும் மக்களை ஆராய்ந்த சார்ல்ஸ் ஹிர்ஷ்கைண்ட் 2006இல் வெளியிட்ட நூலில், அவர்கள் வெறும் நுகர்வோர் அல்லர், கேட்பதையே ஓர் ஒழுக்கப் பயிற்சியாகக் கொண்டவர்கள் என நிறுவினார். ஆகவே ஊடகம் மனிதரை இன்னவாறே ஆக்கும் என அறுதியிட்டுக் கூறுதல் இயலாது. கேட்கும் முறையில்தான் எல்லாம் அடங்கியுள்ளது.

கைப்பேசியோ கேட்கும் முறையையே மாற்றிவிட்டது. அண்மையில் ரஷீதிய்யாப் பாடத்தின்போது மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஓர் ஆலிமின் உரைத்துண்டைக் காட்டினார். ஒரு நிமிடமும் இல்லை. அவர் வழிதவறியவர் என்பதற்கு இதுவே சான்று என்றார் மாணவர். முழு உரையையும் தேடியெடுத்து வகுப்பில் ஓடவிட்டோம். மறுப்பதற்காக அவர் எடுத்துக் கூறிய மாற்றாரின் கூற்றே, அவர்தம் சொந்தக் கூற்றாகத் துண்டிக்கப்பட்டிருந்தது. வகுப்பில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. இத்துண்டை எத்தனை பேருக்கு அனுப்பினீர் என வினவினோம். மாணவர் தலைகுனிந்தார்.

கடிந்துகொள்ள நமக்குத் தகுதியில்லை, அதனால் கடிந்துகொள்ளவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன், ஓதி முடித்து வந்த புதிதில், ஊரில் எழுந்த ஒரு மஸ்அலாவில் நாமும் நோட்டீஸ் எழுதினோம். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தோர் கைகளில் அது வழங்கப்பட்டது. மறுதரப்பில் இருந்தவர் நமக்குச் சிறுவயதில் அலிஃப், பா கற்பித்த உஸ்தாத். வாதம் சரியாகவே இருந்தது என்று இன்றும் எண்ணுகின்றோம். ஆனால் தலைப்பை நாம்தான் வைத்தோம். அத்தலைப்பை அவர் முகத்தின் முன் நின்று நம்மால் சொல்லியிருக்க முடியாது. நேரில் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று எண்ணிக்கொண்டே இருந்தோம். நாம் சென்றபோது அவர் ஜனாஸாவில்தான் நிற்க முடிந்தது.

அல்லாஹ்வின் பாதைக்கு அழைப்போர் விவேகத்துடனும் அழகிய உபதேசத்துடனும் அழைக்க வேண்டும், தர்க்கிப்பதாயின் மிக அழகிய முறையில் தர்க்கிக்க வேண்டும் என்பது சூரத்துன் நஹ்லின் 125ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை. தீயவர் கொணரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த வேண்டாமென்றும் சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் எச்சரிக்கின்றது. விமர்சனக் கோட்பாட்டை நாம் கற்பது நன்று. ஊடகத்தின் பின்னுள்ள அதிகாரத்தையும் வணிகத்தையும் அது நமக்குக் காட்டித்தரும். நம் கையிலுள்ள நோட்டீஸையும் நம் விரல் அனுப்பும் துண்டையும் திருத்தும் பொறுப்பு நம்முடையது. அதற்கு ரஷீதிய்யாவின் அவ்விரு கேள்விகளே தொடக்கமாக அமையலாம்: எடுத்துக் கூறுகின்றீரா? மெய்ப்பைக் காட்டுக. வாதிக்கின்றீரா? சான்றைத் தருக. எழுதி முடித்த பின் மூன்றாவதாக ஒன்றை நமக்குள் கேட்டுக்கொள்வோம். இதனை அவர் முன்னிலையில் சொல்வோமா?

அரபுக் கல்லூரிகள் முனாளராவைத் தேர்வுக்கான பாடமாக மட்டும் கொள்ளாது, நாளேட்டையும் ஒளித்துண்டையும் வகுப்பில் வைத்து அதன் விதிகளைப் பயிற்றுவிக்க வேண்டுமென ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கின்றோம். மேற்சொன்ன மாணவர், தாம் அனுப்பிய அனைவருக்கும் முழு உரையையும் ஒரு வருத்தக் குறிப்பையும் அன்று மாலையே அனுப்பினார். உஸ்தாதிடம் நாம் செய்யத் தவறியதை அவர் உரிய காலத்தில் செய்துவிட்டார். அல்லாஹ் நம் நாவையும் எழுத்தையும் காப்பானாக.